நிக்கிற வண்டிதான் டீசல் குடிக்குது: ரோந்து வண்டிக்கு ஹைபிரிட் எதுக்குன்னு ஒரு எளிய விளக்கம்

காரைக்குடி செக்காலை ரோட்டுல நான் வழக்கமா நிக்கிற டீக்கடையில போன வாரம் ஒரு சண்டை, சண்டைன்னா அடிதடி இல்ல, வாய்ச்சண்டைதான். வெளிநாட்டுல போலீஸுக்கு ஹைபிரிட் கார், அதான் இன்ஜினும் கரண்டு மோட்டாரும் சேந்த கார், குடுக்குறாகளாம்னு ஒருத்தர் போனைப் பாத்துட்டு சொன்னார். பக்கத்துல இருந்த பெரியவர் உடனே, "நல்லாருக்கு போ, திருடன் சுவரேறிக் குதிக்கிறப்ப இவுக சார்ஜர் குத்த பிளக்கைத் தேடிக்கிட்டு இருப்பாக"ன்னார். கடையே சிரிச்சுருச்சு. இன்னொருத்தர், அதெல்லாம் சாதா கார்தான், பின்னாடி ஹைபிரிட்னு ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கூடக் காசு புடுங்குறான்னார். மூணாவது ஆள் மழையில ஷாக் அடிக்கும்னார். மூணுமே தப்பு, ஆனா மூணுலயும் ஒரு துளி உண்மை ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனாலதான் இந்தப் பேச்சு ஓயவே மாட்டேங்குது.

நான் மெக்கானிக்கும் இல்ல, போலீஸும் இல்ல. சின்னதா ட்ராவல்ஸ் வச்சிருக்கேன், அதுல ரெண்டு வண்டி ராத்திரி செக்யூரிட்டி ரவுண்ட்ஸுக்கு மாச வாடகையில போகுது. டீசல் பில்லு பாத்துப் பாத்து வயிறெரிஞ்சுதான் இதையெல்லாம் கத்துக்கிட்டேன். புதுசா கேக்குறவங்களுக்குப் புரியுற மாதிரி எழுதிப் பாக்குறேன்.

ரோந்து வண்டியோட வேலை என்ன?

ரோந்துன்னதும் நம்ம மனசுல சினிமா ஓட ஆரம்பிச்சுருது, சைரன் அலறுது, கார் பறக்குது, காய்கறிக் கடை கவுருது. நெசத்துல ராத்திரி ரவுண்ட்ஸ் அப்படி இல்லவே இல்ல. எங்க ஏரியாவைப் பத்தித் தெரியாதவங்களுக்குச் சொல்றேன், கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் தெருத்தெருவா பெரிய பெரிய வீடு, பாதிக்கு மேல பூட்டித்தான் கெடக்கும், வீட்டுக்காரங்க சென்னையிலயோ சிங்கப்பூர் மலேசியாவிலயோ இருப்பாக, கல்யாணம், இல்ல முன்னோருக்குக் கும்பிடுற படைப்புன்னா மட்டும் வந்து திறப்பாக. உள்ள பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, பித்தளை அண்டா, எது போனாலும் திரும்பச் செய்ய முடியாத சாமான். வீடும் சின்னது இல்ல, முகப்பு ஒரு தெருவுல இருந்தா பின் கட்டு அடுத்த தெருவுல போய் முடியும். அதனால ஒரு வீட்டைப் பாக்கணும்னா வண்டி முன்னாடி ஒரு தடவை பின்னாடி ஒரு தடவை சுத்தணும், கேட்டுல தொங்குற டப்பாவைத் திறந்து பட்டா புக்குல, அதாவது ரோந்து வந்ததைப் பதியுற நோட்டுல, டைம் போட்டுக் கையெழுத்து வைக்கணும், டார்ச் அடிச்சுப் பூட்டைப் பாக்கணும், அஞ்சு நிமிசம் பத்து நிமிசம் நிக்கணும், அப்புறம் அடுத்த வீடு.

இதுல வேகம் எங்க இருக்கு? தெருவுக்குள்ள 15, 20 கிலோமீட்டர் ஸ்பீடு, பாதி நேரம் நின்னே கெடக்கும். போலீஸ் ரோந்தும் பெரும்பாலும் இதே கதைதான், முக்குல நிக்கிறது, கோயில் திருவிழான்னா ரோட்டோரம் மணிக்கணக்கா நிக்கிறது, பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்துல போலீஸ் ஜீப்பைப் பாத்திருப்பீங்களே, காலையில எங்க நின்னுச்சோ சாயங்காலமும் அங்கதான் நிக்கும். ஆனா இன்ஜின் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும்.

டீசல் திருடுறான்னு ஒரு பழி

இந்த இடத்துல ஒரு கதை சொல்லியே ஆகணும். எங்க டீசல் வண்டியை ஓட்டுற தம்பி ராத்திரி 9 மணிக்கு எடுத்தா காலையில 6 மணிக்கு விடுவான். மீட்டர்ல 62 கிலோமீட்டர் ஓடியிருக்கும், டீசல் பத்தரை லிட்டர் காலி. கணக்குப் போட்டா லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கூட வரல. அதே வண்டி திருச்சிக்குப் போனா பதினாலு தருது. வாடகைக்கு எடுத்த ஆளுங்க போன் பண்ணி, உங்க டிரைவர் கேன்ல புடிச்சு விக்கிறான் போலயேன்னு நேராவே கேட்டுட்டாங்க. எனக்கும் சந்தேகம்தான், பொய் சொல்லல. ஒரு ராத்திரி நானே பக்கத்து சீட்டுல உக்காந்து போனேன்.

ஒண்ணும் திருடல பாவம். வண்டி நின்ன நேரத்தையெல்லாம் போன்ல குறிச்சுக்கிட்டே வந்தேன், கூட்டிப் பாத்தா அஞ்சு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே வந்துச்சு. அம்புட்டு நேரமும் வண்டி ஸ்டார்ட்டிங்லயே இருந்துச்சு. ஏண்டா ஆஃப் பண்ண மாட்டேங்குறேன்னு கேட்டேன். "அண்ணே, ஆஃப் பண்ணா ஏசி நின்னுரும், கண்ணாடிய இறக்குனா கொசு பிச்சுப் புடுங்கும், மேல சுத்துற லைட்டு வேற எரியுது, பேட்டரி இறங்கிருச்சுன்னா மூணு மணிக்கு எவன் வந்து தள்ளுவான்?"ன்னான். என்ன பதில் சொல்றது. அவன் சொன்ன மூணு காரணமும் சரி.

நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கிறதைத்தான் ஐடிலிங்னு சொல்றாங்க. வண்டி சைஸைப் பொறுத்து, ஏசி ஓடுறதைப் பொறுத்து ஒரு மணி நேர ஐடிலிங்ல அரை லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் வரைக்கும், சில பெரிய வண்டியில அதுக்கும் மேல கூட எரியும். அஞ்சு மணி நேரம்னா நாலு லிட்டருக்கு மேல சும்மா நின்னே போச்சு, மீதிதான் ஓடினதுக்கு.

இதுவரைக்கும் பாத்ததுல ஒண்ணே ஒண்ணு பிடிச்சுக்கங்க: ரோந்து வண்டியோட எரிபொருள் செலவை கிலோமீட்டரால வகுத்தா கணக்கு பொய் சொல்லும், மணியால பாக்கணும்.

கை கழுவ போர் மோட்டாரா?

நிக்கிற வண்டிக்கு என்ன தேவை? சுத்துற லைட்டு, வயர்லெஸ் இல்லைன்னா வாக்கி டாக்கி சார்ஜர், கேமரா, ஜிபிஎஸ், இதெல்லாம் சேத்தா ரெண்டு மூணு ஃபேன் ஓடுற அளவு கரண்டுதான். ஏசிதான் பெரிய தலை, அதுவும் ஒரு அயர்ன் பாக்ஸ் அளவு. இதுக்காக ஒரு டன்னுக்கும் மேல எடையுள்ள வண்டியை மலை ஏத்தக்கூடிய இன்ஜினை ராத்திரி முழுக்க ஓட விடுறோம். இன்ஜின் தன்னைத்தானே சுத்திக்கிறதுக்கே, அதாவது உள்ள இருக்கிற பிஸ்டன், பம்ப்பு, உராய்வு எல்லாத்துக்குமே எரிபொருள்ல பெரும் பங்கை தின்னுருது, நமக்குக் கெடைக்கிறது கொசுறு.

வீட்டுல போர் மோட்டார் இருக்கும். ஒவ்வொரு தடவை கை கழுவுறப்பவும் மோட்டாரைப் போட்டு, கழுவி முடிச்சதும் அமத்துவீங்களா? இல்ல, ராத்திரி யாராவது கை கழுவுவாங்களேன்னு விடிய விடிய மோட்டாரை ஓட விடுவீங்களா? மாட்டீங்க, மாடியில தொட்டி கட்டி வச்சிருக்கீங்க. மோட்டார் கால் மணி நேரம் முழு வேகத்துல ஓடி தொட்டியை நெப்பிட்டு நின்னுரும், அப்புறம் குழாயைத் திறந்தா தண்ணி வரும். சாதா கார் தொட்டி இல்லாத வீடு. ஹைபிரிட் கார் தொட்டி கட்டின வீடு. நிக்கிற வண்டியைப் பொறுத்த வரைக்கும் இவ்வளவுதான் விசயம்.

ஹைபிரிட்னா என்ன

ஒரே வண்டிக்குள்ள ஒரு பெட்ரோல் இன்ஜின், அது கூட ஒரு கரண்டு மோட்டார், அந்த மோட்டாருக்குத் தேவையான கரண்டைச் சேத்து வைக்க ஒரு பேட்டரி, இந்த மூணும் சேந்து சக்கரத்தைச் சுத்துற வண்டிதான் ஹைபிரிட். 1997 கடைசியில டொயோட்டா ஜப்பான்ல ப்ரியஸ்னு ஒரு காரை விட்டுச்சு, மொத்தமா தயாராகி வித்ததுல அதுதான் முன்னோடி, அதனால இது நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்ல.

டீக்கடைப் பெரியவர் கேட்ட பிளக் விசயம் இங்கதான் தெளிவாகுது. நாம ரோட்டுல பாக்குற வழக்கமான ஹைபிரிட்டுக்கு பிளக்கே கிடையாது. கரண்டு வண்டிக்குள்ளயே உண்டாகுது, இன்ஜின் ஓடுறப்ப கொஞ்சம், பிரேக் போடுறப்ப கொஞ்சம். பிளக் குத்திச் சார்ஜ் ஏத்துற ஹைபிரிட்டும் தனியா இருக்கு, அதுக்குப் பேரு பிளக்-இன் ஹைபிரிட், நம்ம பக்கம் அது ரொம்ப அபூர்வம், அதை இங்கயே விட்டுருவோம்.

பேட்டரியும் நினைக்கிற அளவு பெருசு இல்ல. நம்ம ஊர்ல விக்கிற டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ரெண்டுலயும் ஹைபிரிட் மாடல்ல இருக்கிற பேட்டரி 0.76 யூனிட்தான், யூனிட்னா நம்ம கரண்டு பில்லுல வர்ற அதே யூனிட்டு. முழு எலக்ட்ரிக் கார்ல 30 யூனிட், 40 யூனிட்னு இருக்கும். அதனால ஹைபிரிட் பேட்டரியை வச்சுக்கிட்டு மதுரை போயிட்டு வரலாம்னு கனவு காணாதீங்க, அது ரெண்டு மூணு தெரு ஓடும், அப்புறம் இன்ஜின் வந்துரும். சின்ன தொட்டி, ஆனா அடிக்கடி நெறையுற தொட்டி.

(பேட்டரின்னு வர்றப்ப எங்க ஊர்ப் பெருமை ஒண்ணு சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. பேட்டரி உட்பட மின்வேதியியல் ஆராய்ச்சிக்குன்னே மத்திய அரசு நடத்துற செக்ரிங்கிற நிறுவனம் காரைக்குடியிலதான் இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் குடுத்து, 1948ல நேரு அடிக்கல் நட்டு, 1953ல திறந்தது. லித்தியம் பேட்டரியை நோண்டிப் பாத்துக்கிட்டு இருக்கிற ஆளுங்க இருக்கிற ஊர்ல உக்காந்துக்கிட்டு நாம மழையில ஷாக் அடிக்குமான்னு பேசிக்கிட்டு இருக்கோம்.)

பிரேக்குல கரண்டு எப்படி வருது

பழைய சைக்கிள்ல டைனமோ இருக்கும், ஞாபகம் இருக்கா? டயர் மேல அதைச் சாச்சு விட்டா லைட்டு எரியும், ஆனா மிதிக்கிறது கனமாயிரும். அந்தக் கனம்தான் மேட்டரு. உங்க காலோட வேகம் வெளிச்சமா மாறுது, சைக்கிள் மெதுவாகுது. ஹைபிரிட்ல பிரேக்கை லேசா தொட்டதும் இதேதான் நடக்குது, சக்கரத்தைச் சுத்திக்கிட்டு இருந்த மோட்டார் இப்ப டைனமோவா மாறிரும், சக்கரம் அதைச் சுத்தும், கரண்டு பேட்டரிக்குப் போகும், அந்தக் கனத்துல வண்டி மெதுவாகும். இதுக்கு ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங்னு பேரு. சடார்னு மிதிச்சா வழக்கமான பிரேக்கும் சேந்து பிடிக்கும், அது எப்பவும் இருக்கு, பயப்பட வேண்டாம்.

சாதா கார்ல அந்த வேகம் முழுக்க பிரேக் பேட்ல சூடா போய் வீணாகுது. நம்ம வீடுகள்ல வளவுல, அதாவது நடு முற்றத்துல, மழை பெய்யுறப்ப தாழ்வார ஓட்டுல இருந்து ஊத்துற தண்ணியை அண்டா வச்சுப் பிடிப்பாங்கல்ல ஆச்சிமாருக, ஹைபிரிட் அதைப் பிடிக்கிறதும் அந்த மாதிரி. மழைத் தண்ணி எல்லாமே அண்டாவுக்கு வராது, தெறிச்சுப் போறது போகும், ஆனா பிடிச்ச வரைக்கும் லாபம்.

இதுல கவனிக்க வேண்டியது, எம்புட்டுக்கெம்புட்டு அடிக்கடி நின்னு நின்னு போறோமோ அம்புட்டுக்கம்புட்டு பிடிக்கிற தண்ணி கூட. தெருவுக்குத் தெரு நின்னு போற ரோந்து வண்டி சாதா கார்ல படு நஷ்டம், ஹைபிரிட்ல அதுவே வசதி. திருச்சி ராமேஸ்வரம் ரோட்டுல ஒரே வேகத்துல போனா பிரேக்கே போட மாட்டோம், அப்ப அண்டா காலிதான்.

யார் முடிவு பண்றது?

இன்ஜின் எப்ப வரணும் மோட்டார் எப்ப வரணும்னு டிரைவர் யோசிக்க வேண்டியதில்ல. உள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு, அந்தக் காலத்துக் கடையில பெட்டியடியில உக்காந்திருக்கிற கணக்குப்பிள்ளை மாதிரி, எந்தச் செலவை எந்தப் பையில இருந்து எடுக்கணும்னு அதுக்குத்தான் தெரியும். மெதுவா நகர்றப்ப மோட்டார் மட்டும். மெயின் ரோட்டுல ஒரே சீரா போறப்ப இன்ஜின், ஏன்னா இன்ஜினுக்கு அதுதான் சொகமான வேலை. அவசரமா மிதிச்சா ரெண்டும். பேட்டரி குறைஞ்சா இன்ஜினை எழுப்பி நெப்பிட்டு மறுபடி தூங்க வச்சுரும். நல்ல கணக்குப்பிள்ளை பெட்டியைச் சுத்தமா காலியும் பண்ண மாட்டார், வழியவும் விட மாட்டார், இதுவும் பேட்டரியை நடுவாந்தரத்துலயே வச்சுக்கும், பேட்டரி ரொம்ப வருசம் உழைக்கிறதுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

ஆக மொத்தம், ஒரு தொட்டி, அதை நெப்ப ரெண்டு வழி, திறந்து மூட ஒரு கணக்குப்பிள்ளை. இப்ப ராத்திரிக்குப் போவோம்.

கானாடுகாத்தான்ல ஒரு ராத்திரி

டீசல் வண்டி கிளட்ச் வேலைக்குப் போனப்ப ஒரு வாரம் என்கிட்ட இருக்கிற ஹைபிரிட் காரை ரவுண்ட்ஸுக்கு விட்டேன், மனசே இல்லாமத்தான். முதல் ராத்திரி நானும் போனேன். கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டு முகப்புல கொண்டுபோய் நிறுத்தினோம், ஏசி 24ல, மேல லைட்டு சுத்துது, இன்ஜின் சத்தமே இல்ல. திண்ணையில படுத்திருந்த வாட்ச்மேன் பெரியவர் திடுக்குனு எந்திரிச்சு, "ஆருப்பா அது, வண்டி வந்து நின்னதே தெரியலயே"ன்னு கம்பைத் தூக்கிட்டார். டீசல் வண்டின்னா ரெண்டு தெரு தள்ளி வர்றப்பவே அவருக்குத் தெரியுமாம், உக்காந்துக்குவாராம். யோசிச்சுப் பாத்தேன், அவருக்குத் தெரியுதுன்னா சுவரேற வந்தவனுக்கும் தெரியும்ல. ரோந்துக்கு இந்தச் சத்தமில்லாத விசயம் லாபம்தான், ஆனா தெருவுல தூங்குற நாய், ஓரமா நடந்து போறவங்களுக்கு ஆபத்தும் அதுலயேதான் இருக்கு, மெதுவா போறப்ப டிரைவர்தான் கண்ணைத் திறந்து வச்சுக்கணும்.

நான் போன்ல டைம் பாத்துக்கிட்டே இருந்தேன். பதினஞ்சு நிமிசத்துக்குக் கொஞ்சம் கூட ஆனதும் இன்ஜின் தானா எந்திரிச்சது, லேசா ஒரு உறுமல், அஞ்சு நிமிசம் போல ஓடுச்சு, அமந்துருச்சு. மறுபடி அமைதி. இதுக்கு நடுவுல ஏசி நிக்கவே இல்ல.

ஏன் நிக்கலன்னா, சாதா கார்ல ஏசி கம்ப்ரஸரை இன்ஜின்தான் பெல்ட் போட்டுச் சுத்துது, இன்ஜின் நின்னா ஏசி செத்துச்சு. இந்த மாதிரி ஹைபிரிட்ல கம்ப்ரஸர் நேரா பெரிய பேட்டரி கரண்டுல ஓடுது. கணக்கும் ஒத்து வருது பாருங்க: பேட்டரி முக்கால் யூனிட், அதுல புழங்குறது பாதிதான்னு வையுங்க, ஏசியும் லைட்டும் சேந்து மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல இழுத்தா இருபது நிமிசத்துக்குள்ள தொட்டி காலி. அப்புறம் எழுந்த இன்ஜினும் சும்மா ஓடல, நல்ல பாரத்தோட ஓடித் தொட்டியை நெப்புது. பாரத்தோட ஓடுற இன்ஜின் சும்மா ஓடுற இன்ஜினை விட ஒரு லிட்டருக்குப் பல மடங்கு வேலை குடுக்கும். மிச்சம் வர்றது இங்கதான்.

ஒரு வாரமும் ராத்திரிக்கு ஆறு லிட்டருக்குள்ளதான் பெட்ரோல் போச்சு. டீசல் வண்டிக்குப் பத்தரை. ரூபாயில ராத்திரிக்கு நானூறு பக்கம் மிச்சம். நியாயமா சொல்லணும்னா இது நேருக்கு நேர் ஒப்பீடு இல்ல, டீசல் வண்டி பழசு, பெருசு, அதனால முழுப் புகழையும் ஹைபிரிட்டுக்கே குடுத்துராதீங்க.

அமெரிக்காவுல போலீஸ் இதுக்குப் போனதும் இதே காரணத்துக்குத்தான். ஃபோர்டு கம்பெனி 2017ல துரத்திப் பிடிக்கிற வேலைக்குன்னே சோதிச்ச முதல் ஹைபிரிட் போலீஸ் காரை அறிவிச்சப்ப, மைலேஜோட சேத்து நிக்கிறப்ப மிச்சமாகுறதையும் பேசுச்சு, மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர்னு. அப்புறம் 2020 மாடல்ல எக்ஸ்ப்ளோரர் போலீஸ் வண்டியில ஹைபிரிட்டையே அடிப்படை மாடலாக்குனாங்க, அரசு மைலேஜ் கணக்குல பழைய வண்டி லிட்டருக்கு 7 சொச்சம், இது 10 சொச்சம். அவங்க வண்டிக பூதம் மாதிரி, பாக்க அந்த மைலேஜ் நமக்குச் சிரிப்பா இருக்கும், ஆனா வித்தியாசத்தைப் பாருங்க.

ஸ்டிக்கர் ஹைபிரிட்

டீக்கடையில ரெண்டாவது ஆள் சொன்னதுல இருக்கிற உண்மை இது. ஹைபிரிட்ல ரெண்டு சாதி. மைல்ட் ஹைபிரிட்னா சின்ன மோட்டார், இன்ஜினுக்குக் கொஞ்சம் கை குடுக்கும், சிக்னல்ல இன்ஜினை அமத்தி எழுப்பும், ஆனா தனியா வண்டியை இழுக்காது, பெரும்பாலும் ஏசி பழையபடி இன்ஜினை நம்பித்தான் இருக்கும். ஸ்ட்ராங் ஹைபிரிட்னா மோட்டாரே தனியா வண்டியை இழுக்கும், இன்ஜின் இல்லாம ஏசி ஓடும். நான் இதுவரைக்கும் சொன்னது முழுக்க ஸ்ட்ராங் பத்தி. ரோந்துக்கு மைல்ட் வாங்கினா ஏசி போட்டு நிக்கிற நேரத்துல பழைய கதையேதான், ஸ்டிக்கர் மட்டும் மிச்சம். ஷோரூம்ல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "இன்ஜின் அமந்திருக்கிறப்ப ஏசி கம்ப்ரஸர் ஓடுமா?" இழுத்து இழுத்துப் பேசினா வெளிய வந்துருங்க.

துரத்த முடியுமா?

முடியும். எல்லாரும் ஹைபிரிட்னா சோப்ளாங்கின்னு நினைக்கிறதுக்குக் காரணம் மைலேஜ் கூடத் தர்ற வண்டி எப்பவும் இழுவை கம்மியா இருக்கும்ங்கிற பழைய அனுபவம். இங்க அப்படி இல்ல. சக்கரத்தைத் திருகுற முறுக்கு விசைக்கு டார்க்னு பேரு. இன்ஜினுக்கு அது வர்றதுக்குக் கொஞ்சம் வேகம் பிடிக்கணும், மோட்டாருக்குத் தொட்ட உடனே முழுசா வரும். நின்ன இடத்துல இருந்து கெளம்புறதுதான் ரோந்து வண்டிக்கு அடிக்கடி தேவைப்படுற வேகம், அதுல மோட்டார் கெட்டி. எண்ணிக்கையா பாத்தா நம்ம ஸ்டேஷன்கள்ல நிறையப் பாக்குற பொலேரோ 76 குதிரை சக்தி, ஹைரைடர் ஹைபிரிட் இன்ஜினும் மோட்டாரும் சேந்து 116 சுமார், இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் 180க்கு மேல.

ஆனா ஒண்ணு, சின்ன பேட்டரி வண்டியில ரொம்ப நேரம் முழுசா மிதிச்சே போனா தொட்டி வடிஞ்சுரும், அப்புறம் இன்ஜின் மட்டும்தான் இழுக்கணும், அப்ப கொஞ்சம் மூச்சு வாங்கும். பத்து நிமிசத் துரத்தலுக்கு வாங்குற வண்டி வேற, பத்து மணி நேர ரோந்துக்கு வாங்குற வண்டி வேற.

பெட்டகம் நிறைய நகை, சாவி இல்ல

நான் பட்ட ஒரு அவஸ்தையைச் சொல்றேன், ரோந்துக்கு ஹைபிரிட் எடுக்கிறவங்க இதை மட்டும் மறந்துராதீங்க. ஹைபிரிட்ல ரெண்டு பேட்டரி உண்டு. ஒண்ணு மோட்டாருக்கான பெரிய பேட்டரி, இன்னொண்ணு எல்லா கார்லயும் இருக்கிற 12 வோல்ட் சின்ன பேட்டரி. லைட்டு, வயர்லெஸ், கதவுப் பூட்டு, அந்தக் கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டர் எல்லாம் சின்ன பேட்டரியிலதான். வண்டியில ரெடின்னு எழுத்து எரிஞ்சுக்கிட்டு இருந்தா பெரிய பேட்டரி சின்னதுக்குக் கரண்டு குடுத்துக்கிட்டே இருக்கும். ரெடி இல்லாம சும்மா பாதி ஆன்ல விட்டா குடுக்காது.

மூணாவது ராத்திரி தம்பி, இன்ஜின்தான் ஓடலயே, எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சு வண்டியை ஆஃப் பண்ணிட்டு, மறுபடி பட்டனை அமுக்கி லைட்டும் பாட்டும் மட்டும் போட்டு உக்காந்திருக்கான். பள்ளத்தூர் பக்கம், மணி ரெண்டே முக்கால். கெளம்பலாம்னு பாத்தா வண்டி செத்துப்போய் நிக்குது. போன் பண்ணி, "அண்ணே, டாங்கு நிறைய பெட்ரோல் இருக்கு, பெரிய பேட்டரியில முக்கால் காமிச்சுச்சு, ஆனா வண்டி எந்திரிக்க மாட்டேங்குது"ங்கிறான். பெட்டகம் நிறைய நகை, சாவிக்கொத்து கெணத்துல. நான் இன்னொரு வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் வயர் போட்டுத்தான் எழுப்பினேன். தள்ளி ஸ்டார்ட் பண்ற கதையெல்லாம் இதுல நடக்காது.

அதனால நிக்கிறப்ப ரெடியிலயே விடணும், சத்தம் வரலன்னு ஏமாறக் கூடாது. சைரன் லைட்டு மாட்டுற எலக்ட்ரீஷியன்கிட்டயும் சொல்லிருங்க, ஆரஞ்சு கலர் வயரைத் தொடவே கூடாதுன்னு, அது பெரிய பேட்டரி லைன், நூறு வோல்ட்டுக்கு மேல, உயிருக்கே ஆபத்து. மழையில ஷாக் அடிக்குமான்னு கேட்டவருக்கு: அந்த லைன் முழுக்க மூடி, காரோட பாடியில ஒட்டாம தனியா இருக்கு, கோளாறுன்னு தெரிஞ்சா தானா துண்டிச்சுக்கும். மழை ஒண்ணும் பண்ணாது. கண்மாய் உடைஞ்சு ரோட்டுல இடுப்பளவு தண்ணி ஓடுறப்ப எந்த வண்டியை விட்டாலும் கெட்டுத்தான் போகும்.

இன்னொண்ணு, நிறைய ஹைபிரிட்ல பெரிய பேட்டரிக்குக் காத்துப் போற ஜன்னல் பின் சீட்டுப் பக்கம் இருக்கும். ரோந்து வண்டி பின்னாடி லத்தி, ரெயின்கோட்டு, தார்ப்பாய், தண்ணி கேனுன்னு அடைச்சு வைப்பாங்க, அந்த ஜன்னல் மூடிக்கிட்டா பேட்டரி சூடாகும். நம்ம செம்மண் புழுதி வேற. அப்பப்ப தொறந்து தொடைக்கணும்.

எங்க எடுபடாது

ஹைவே பேட்ரோலுக்கு, ரோட்டுல ஒரே வேகத்துல மணிக்கணக்கா ஓடுறதுன்னா, ஹைபிரிட்டுக்கு அம்புட்டு லாபம் இல்ல, நல்ல டீசலே போதும். முள்ளுக்காடு, கண்மாய்க்கரை, குண்டும் குழியும்னு போற வண்டிக்கு உயரமும் கட்டுமஸ்தும்தான் முக்கியம், அங்க ஜீப்புதான் ராஜா. விலையும் கூட, அதை மறைக்க வேண்டாம். கம்பெனிக்காரங்க ஹைபிரிட் பேட்டரிக்கு 8 வருசம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தர்றாங்க, ரோந்து வண்டி கிலோமீட்டர் கம்மியாத்தான் ஓடும், அதனால அந்தப் பயம் பெருசா வேண்டாம், ஆனா வாடகைக்கு விடுற வண்டிக்கு வாரண்டி நிபந்தனை மாறுமான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கங்க. நான் கேக்காம விட்டு அப்புறம் அலைஞ்சேன்.

வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண பெரிய கணக்கெல்லாம் வேண்டாம், உங்க வண்டி ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் ஸ்டார்ட்டிங்ல நிக்குதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்குக் கீழன்னா இருக்கிற வண்டியே போதும். நாலு அஞ்சுன்னு வந்தா ஷோரூம் பக்கம் போய்ப் பாக்கலாம்.

நாங்க இப்ப ட்ரிப் ஷீட்டுல கிலோமீட்டருக்குப் பக்கத்துல "நின்ன நேரம்"னு ஒரு கட்டம் போட்டிருக்கோம். போட்டது நான் இல்ல, அந்தத் தம்பிதான் ஸ்கேல் வச்சுக் கோடு கிழிச்சான். டீ குடிக்க நின்ன ஏழு நிமிசத்தைக் கூட விடாம எழுதுறான், ஒரு தடவை திருட்டுப் பட்டம் கட்டுனவங்களுக்கு மாசா மாசம் அதை போட்டோ எடுத்து அனுப்பியும் வைக்கிறான்.